இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கிலேயே புகையிலையை விட வைக்கும் சிகிச்சை: தனி ஆலோசகர் இல்லாமல் எப்படி நடத்துவது?

கேள்வி: எம்ஓ_வடஆற்காடு

வணக்கம். வட ஆற்காடு பக்கம் ஒரு இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் 40 முதல் 70 வயதுக்குள் உள்ள முன்னாள் ராணுவத்தினர். சர்க்கரை, பி.பி., ஸ்டென்ட், சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) என்று மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறார்கள். பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் கைனி, ஹான்ஸ் என ஏதோ ஒன்று பலரிடம் இருக்கிறது. "விட்டுடுங்க சார்" என்று சொல்கிறோம். தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதமும் அதே கதை.

எங்களிடம் தனி ஆலோசகரும் இல்லை, தனி அறையும் இல்லை. ஒருவருக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. மாவட்ட மருத்துவமனைக்கு ரெஃபர் செய்தால் யாரும் போவதில்லை. இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு, நிக்கோடின் மருந்துகளோடு ஒழுங்காக ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எந்த மருந்து, எவ்வளவு, எங்கே சொதப்பும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மனநலம்_மதுரை

ரெஃபர் செய்தால் போகமாட்டார்கள் என்பது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் படைவீரர் நலத் துறையின் 10 மருத்துவ மையங்களில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். போர் அனுபவத்தின் பின்விளைவான பி.டி.எஸ்.டி. எனும் மன அதிர்ச்சி நோய்க்குச் சிகிச்சையில் இருந்த, புகைபிடிக்கும் 943 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரைத் தனிப் புகை நிறுத்த கிளினிக்குக்கு அனுப்பினார்கள். மற்றப் பிரிவினருக்கு, ஏற்கெனவே அவர்களைப் பார்த்துவரும் மனநலக் குழுவே புகையிலைச் சிகிச்சையையும் கொடுத்தது. நீண்ட காலம் புகைக்காமல் இருந்தவர்கள் தனிக் கிளினிக் பிரிவில் 4.5 சதவீதம், ஒரே இடத்தில் சிகிச்சை பெற்ற பிரிவில் 8.9 சதவீதம். 2010-இல் வெளியான முடிவு இது. இரண்டு மடங்கு. பி.டி.எஸ்.டி. அறிகுறிகளும் மோசமாகவில்லை. ஆகவே "தெரிந்த டாக்டர், தெரிந்த இடம், மருந்து வாங்க வரும் அதே நாள்" என்பதை விட்டுவிடாதீர்கள். மாதாந்திர மருந்து நாள் உங்களிடம் இருக்கிறது. அதைவிட நல்ல ஃபாலோ-அப் கிடைக்காது.

அந்த ஐந்து நிமிஷத்தை எப்படிச் செலவிடுவது என்பதற்கு வருகிறேன்.

"புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் கைனி போடுபவர் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் புகைப்பதைப் பற்றிக் கேட்பதாக நினைக்கிறார். பீடி, சிகரெட், ஹான்ஸ், கைனி, வெற்றிலையோடு புகையிலை, மூக்குப்பொடி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இதை பி.பி. பார்க்கும் இடத்திலேயே நர்சிங் அசிஸ்டென்ட் கேட்டு, சீட்டின் மேல் எழுதிவிடலாம். உங்கள் நேரம் மிஞ்சும்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?" அரை மணிக்குள் என்றால் நிக்கோடின் பிடிப்பு அதிகம், மருந்தின் அளவும் அதற்கேற்ப. நிக்கோடின் பிடிப்பை அளக்கும் ஃபேகர்ஸ்ட்ராம் அளவுகோலின் ஆறு கேள்விகளையும் கேட்க நேரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இந்த ஒன்றும், நாளுக்கு எத்தனை என்பதும் போதும். வாயில் போடுபவர் என்றால், தூங்கும்போதும் ஒதுக்கிக்கொண்டு படுக்கிறாரா, சாற்றை விழுங்குகிறாரா என்று கேளுங்கள். இரண்டும் கடுமையான பிடிப்புக்கு அடையாளம்.

அடுத்து அவர் நோயோடு ஒட்டிய ஒரே வாக்கியம். "புற்றுநோய் வரும்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "சார், ஸ்டென்ட் திரும்ப அடைக்கிறதுக்கு மாத்திரையைவிட இந்த பீடிதான் முடிவு பண்ணும்" என்று அவருடைய நெஞ்சைத் தொட்டுப் பேசுங்கள். பிறகு தேதி. இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள், அவரே சொல்ல வேண்டும், சீட்டில் எழுத வேண்டும். "பார்க்கலாம் டாக்டர்" என்பவரிடம் மல்லுக்கட்டாதீர்கள். அடுத்த மாதம் அதே கேள்வியை அதே மரியாதையோடு கேளுங்கள். ஆனால் விடத் தயாரில்லை என்பவருக்கும் "குறைச்சுப் பார்க்கிறீங்களா, மருந்து தர்றேன்" என்று சொல்லலாம். நிக்கோடின் சூயிங்கத்தோடு குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துகிறவர்களும் உண்டு.

பதில் 2: மருந்தாளுநர்_திருச்சி

மருந்துப் பக்கத்தை நான் சொல்கிறேன். நிக்கோடின் மாற்று சிகிச்சை (புகையிலைக்குப் பதிலாக நிக்கோடினை மட்டும் மருந்தாகக் கொடுப்பது) தோற்பதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். அளவு குறைவு, மெல்லும் முறை தவறு.

பேட்ச் (தோலில் ஒட்டும் நிக்கோடின் ஒட்டு): நாளுக்கு 10-க்கு மேல் புகைப்பவருக்கு 21 மி.கி. ஆறு வாரம், 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். பத்துக்குள் என்றால் 14-இல் தொடங்கி ஆறு வாரம், பிறகு 7 இரண்டு வாரம். பீடி சின்னதாக இருக்கிறதே என்று இரண்டு பீடியை ஒரு சிகரெட்டாகக் கணக்குப் போடாதீர்கள். பீடியில் நிக்கோடின் குறைவில்லை, அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கவும் வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்றாகவே எண்ணுங்கள். பேட்ச் ஒட்டும் இடம் முடியில்லாத, எண்ணெய் தடவாத, உலர்ந்த தோல். மேல்கை அல்லது மார்பின் மேல்பகுதி. பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்த வேண்டும். தினமும் இடம் மாற்ற வேண்டும். தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒட்டினால் மதியத்துக்குள் கழன்றுவிடும், "மருந்து வேலை செய்யலை" என்று வந்து நிற்பார்.

சூயிங்கம்: எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. 2 மி.கி. சீட்டில்லாமலே கடையில் கிடைக்கும் என்பதால் எல்லாருக்கும் அதையே கொடுத்துவிடுகிறார்கள். 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும், உங்களிடம் அது பிரச்சினையே இல்லை. முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணிக்கு ஒன்று, ஏழு முதல் ஒன்பதாவது வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, பத்து முதல் பன்னிரண்டு வரை நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது.

மெல்லும் முறையைக் கவுன்டரில் செய்தே காட்ட வேண்டும். மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும், மிளகு கடித்த மாதிரி சுர்ரென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். சுர்ரென்பது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி. கைனி போட்டவருக்கு ஒதுக்குவது கைவந்த கலை, சொன்னதும் புரிந்துகொள்வார். புகைத்தவர்தான் பபிள்கம் மாதிரி மென்று தள்ளுவார். நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், பலனும் இராது. மெல்வதற்குக் கால் மணி முன்னாலிருந்து டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், மோர் எதுவும் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோடின் வாய் வழியே ஏறாது. டீ குடித்ததும் பீடி என்ற பழக்கம் உள்ளவர் டீ குடித்ததும் சூயிங்கம் போடுவார். இதை முதல் நாளே கேட்டுத் திருத்துங்கள்.

கடும் பிடிப்பு உள்ளவருக்குப் பேட்ச் ஒன்றோடு, ஆசை கிளம்பும்போது சூயிங்கமும் சேர்த்துக் கொடுப்பதுதான் சரி. "இரண்டும் நிக்கோடினாச்சே" என்று பயப்பட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் இந்தச் சேர்க்கையை ஏற்கிறது.

இன்டென்ட் (மருந்து கேட்புப் பட்டியல்) போட ஒரு கணக்கு: 21-இல் தொடங்கும் ஒருவருக்குப் பத்து வாரத்துக்கு 42 + 14 + 14, ஆக 70 பேட்ச். சூயிங்கம் மட்டும் என்றால் முதல் ஆறு வாரத்துக்கே நாளுக்கு 9 வீதம் 378. "இரண்டு ஸ்ட்ரிப் கொடுத்தோம், பலனில்லை" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும். இன்டென்ட் மறுக்கப்பட்டால், 2022-இன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோடின் மாற்று சிகிச்சை சேர்க்கப்பட்டிருப்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வரும்வரைக்கும் மற்ற மருந்துகளுக்குப் போலவே என்.ஏ. (இருப்பில் இல்லை) போட்டு வாங்க வைக்கலாம். சீட்டில் எண்ணிக்கையும் வாரமும் தெளிவாக இருக்கட்டும்.

எம்ஓ_வடஆற்காடு

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று சந்தேகம். ஸ்டென்ட் வைத்தவருக்கு நிக்கோடின் பேட்ச் கொடுக்க எங்கள் ஆட்களுக்கே தயக்கம். இரண்டாவது, சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை இருக்கிறது, பலர் மாலையில் கேன்டீன் சரக்கும் எடுக்கிறார்கள். அவர்களுக்கு, நிக்கோடின் இல்லாமலே ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளான புப்ரோபியான், வரெனிக்ளின் தரலாமா? மூன்றாவது, நைட் வாட்ச்மேன் வேலையில் இருப்பவர்களுக்கு என்ன செய்வது?

பதில் 3: மனநலம்_மதுரை

ஸ்டென்ட்: பீடியில் நிக்கோடினோடு கார்பன் மோனாக்சைடும் ரத்தம் உறைவதைத் தூண்டும் ரசாயனங்களும் வருகின்றன. பேட்சில் வருவது நிக்கோடின் மட்டும், அதுவும் மெதுவாக. நிலையான இதய நோயாளிக்குக் கொடுக்கலாம். மாரடைப்பு வந்த முதல் இரண்டு வாரம், கட்டுக்கடங்காத ஆஞ்சைனா (இதய நெஞ்சுவலி), ஆபத்தான துடிப்புக் கோளாறு இவற்றில் மட்டும் இதய மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர் பேட்ச் ஒட்டாவிட்டால் பீடி பிடிக்கப்போகிறார் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் தயங்குகிறார்கள்.

கெட்ட கனவு உள்ளவருக்கு 24 மணி நேரப் பேட்ச் கனவை இன்னும் துலக்கமாக்கும். படுக்கும்முன் கழற்றச் சொல்லுங்கள். காலையில் ஆசை அதிகமாக இருக்கும், எழுந்ததும் புதுப் பேட்சும் ஒரு சூயிங்கமும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்றாம் இரவே பேட்சைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

புப்ரோபியான்: விடும் தேதிக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் முன்னால் தொடங்க வேண்டும். 150 மி.கி. எஸ்.ஆர். (மெதுவாக மருந்தை வெளியிடும் மாத்திரை) மூன்று நாள் காலையில் ஒன்று, பிறகு எட்டு மணி இடைவெளியில் இரு வேளை, 7 முதல் 12 வாரம். வலிப்பு வந்தவருக்குக் கூடாது. பழைய தலைக்காயம் வலிப்பு அபாயத்தைக் கூட்டும், படையில் இருந்தவரிடம் இதைக் கேட்காமல் விடக் கூடாது. தினமும் குடிப்பவர் திடீரென்று குடியை நிறுத்தும் சமயத்திலும் தரக் கூடாது. "டாக்டர், ரெண்டையும் ஒரே நாள்ல விட்டுடறேன்" என்று உற்சாகமாக வருபவர்தான் இங்கே மாட்டிக்கொள்வார். தூக்கத்தையும் கெடுக்கும், ஆகவே இரண்டாம் வேளையை மாலைக்குத் தள்ளாதீர்கள்.

வரெனிக்ளின்: விடுவதற்கு ஒரு வாரம் முன்னால் தொடங்கி, முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் 0.5 இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு, இல்லையென்றால் குமட்டும். சர்க்கரை நோயாளிகள் நிறைய என்பதால் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழ் என்றால் 0.5 இரு வேளைக்கு மேல் போகக் கூடாது. மன நோய் உள்ளவருக்கு ஆகாது என்ற பயம் பழையது. மன நோய் உள்ளவர்களையும் சேர்த்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியாகி, அதே ஆண்டு அமெரிக்க எஃப்.டி.ஏ. மருந்துக் குறிப்பில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை (மிகக் கடுமையான எச்சரிக்கை) நீக்கியது. ஆனாலும் தற்கொலை எண்ணம், கோபம், தூக்கம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மதுவின் போதையையும் இது சிலருக்குக் கூட்டும், சொல்லி வையுங்கள். இரவில் தாங்க முடியாத மனநிலை என்றால் அழைக்க 14416 டெலி மானஸ் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. புகை, கல்லீரலில் சில மருந்துகளை வேகமாகக் கரைக்கும் நொதியைத் தூண்டுகிறது. புகையை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் அந்த வேகம் குறைந்து மருந்து உடம்பில் தேங்கும். தியோபிலின் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) சாப்பிடும் சி.ஓ.பி.டி.காரர், மனநோய் மருந்துகளான ஒலான்சபின், குளோசபின் சாப்பிடுபவர், இவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். தூண்டுவது நிக்கோடின் அல்ல, புகை. அதனால் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். விட்ட பத்தாம் நாள் கை நடுக்கம், வாந்தி, படபடப்பு என்று வந்தால் "புகையிலை விட்ட வேகம்" என்று அனுப்பிவிடாதீர்கள், தியோபிலினா என்று பாருங்கள். காபிக்கும் இதே கதை. நாளுக்கு நாலு காபி குடித்தவரை இரண்டாக்கச் சொல்லுங்கள், பாதித் தூக்கமின்மை அதிலேயே போகும். இன்சுலின் போடுபவர் முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்க்கட்டும், தாழ்ந்துபோகலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகச் சோதனை) பாருங்கள்.

பதில் 4: பல்மருத்துவம்_கோவை

உங்கள் பாலிகிளினிக்கில் பல் மருத்துவர் இருந்தால் கைனி, ஹான்ஸ் போடுபவர்களை முதலில் அந்த நாற்காலிக்கு அனுப்புங்கள். கைக்கண்ணாடியைக் கொடுத்து, அவர் வழக்கமாக ஒதுக்கும் இடத்தில் உதட்டை விரித்துக் காட்ட வேண்டும். அந்த இடத்துத் தோல் வெளுத்து, சுருங்கி, கோடுகோடாக இருக்கும். எந்தப் பிரசுரமும் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகாது. விட்டபின் அதே இடத்தை மாதாமாதம் காட்டினால், தோல் தேறுவதை அவரே பார்ப்பார். தேறாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் காத்திருக்காமல் பயாப்ஸிக்கு ரெஃபர் செய்துவிட வேண்டும்.

வாயை எவ்வளவு திறக்கிறார் என்று பாருங்கள். அவருடைய மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியவில்லை, கார சாப்பாடு எரிகிறது என்றால் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸை (வாயின் உள்தோல் இறுகிப்போகும் நோய்) சந்தேகியுங்கள். அவருக்குச் சூயிங்கம் எழுதாதீர்கள், மெல்லவே முடியாது. பல்செட் போட்டவருக்கும் ஒட்டிக்கொள்ளும். இவர்களுக்குப் பேட்ச், அல்லது சப்பும் லாசெஞ்ச்.

"புகையிலையை விட்டுப் பாக்கு மட்டும் போட்டுக்கிறேன்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் கிராம்பு, ஏலக்காய், சோம்பு, வறுத்த கொத்தமல்லி விதை. சுண்ணாம்பு தேய்த்துக் கையிலேயே கசக்கிப் பழகியவருக்குக் கைக்கும் வேலை வேண்டும். சோம்பைச் சின்ன டப்பாவில் அதே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில் 5: ஆலோசகர்_சென்னை

நைட் டியூட்டி கேள்விக்கு. சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பலர் 40 வயதை ஒட்டியே ஓய்வு பெற்று, வங்கி, ஏ.டி.எம்., கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார்கள். பணியில் இருந்தபோது காவல் நேரத்தில் தூக்கம் விரட்டப் பழகிய அதே பழக்கம், அதே மணி நேரத்தில் திரும்ப வருகிறது. இவருக்குப் பேட்சை "காலையில்" ஒட்டச் சொன்னால் தவறு. டியூட்டிக்குக் கிளம்பும்போது ஒட்டி, பகலில் படுக்கும்முன் கழற்ற வேண்டும். கண் சொருகும் நேரம் எது என்று கேளுங்கள், பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலரைக்குள் சொல்வார். அதற்குக் கால் மணி முன்னால் ஒரு சூயிங்கம், பிறகு எழுந்து ஒரு சுற்று நடை. ஆசை வந்தபின் போட்டால் ஏற நேரமாகும், அதற்குள் பக்கத்துக் கடைக்காரரிடம் கை நீண்டுவிடும்.

தொலைபேசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாதாந்திர வருகை மட்டும் போதாது, ஏனென்றால் விழுபவர்கள் முதல் இரண்டு வாரத்தில் விழுகிறார்கள். நிறுத்திய மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் ஆக மூன்று அழைப்பு, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். நர்சிங் அசிஸ்டென்ட் செய்யலாம். மூன்றாம் நாள்தான் எரிச்சலும் தலைவலியும் உச்சம். "இதுதான் சார் மோசமான கட்டம், இனி இறங்கும்" என்று அன்றைக்குச் சொல்வதற்குத்தான் மதிப்பு. ஏழாம் நாள் மலச்சிக்கல், இருமல், வாய்ப்புண் பற்றிக் கேட்க வேண்டும். விட்டபின் இருமல் கொஞ்ச நாள் கூடுவதைப் பார்த்து "பீடி இருந்தப்பவே நல்லா இருந்தேன்" என்று திரும்புபவர் உண்டு. பதினாலாம் நாள் கேட்க வேண்டியது: பேட்ச் மிச்சம் எத்தனை? கணக்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் ஒட்டுவதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

கூப்பிடும்போது அவர் ரேங்கைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சுபேதார் சாப், ஹவில்தார் சார். பிள்ளைக்குச் சொல்வதுபோல அதட்டினால் அடுத்த அழைப்பை எடுக்க மாட்டார்கள். தேதி குறித்து, திட்டம் போட்டு, ரிப்போர்ட் கேட்பது அவர்களுக்குப் பழகிய முறை. அதை மதித்துப் பேசினால் ஒத்துழைப்பு மிக நன்றாக இருக்கும்.

ஒன்றிரண்டு பீடி பிடித்துவிட்டால் பேட்சைக் கழற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பலர் "பேட்சோட புகைச்சா ஹார்ட் அட்டாக்" என்று பயந்து பேட்சைக் கழற்றிவிட்டு பீடியை வைத்துக்கொள்கிறார்கள். ரெஜிமென்ட் நண்பர்கள் சேரும் கல்யாணம், பென்ஷனர் கூட்டம், மாலைச் சரக்கு, இந்த மூன்று இடத்தில்தான் சறுக்கல். முதல் மாதம் சரக்கு வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் திடீரென்று நிறுத்தச் சொல்லாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். மனைவியையும் ஒரு முறை உட்கார வையுங்கள். அவரும் இ.சி.எச்.எஸ். அட்டைக்காரர், வெற்றிலையோடு புகையிலை போடுபவராக இருந்தால் இருவருக்கும் ஒரே தேதி குறிக்கலாம்.

உங்களால் கூப்பிட முடியாத நாளுக்கு, புகையிலையை விட உதவும் தேசிய க்விட்லைன் 1800-11-2356, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் எண்தான். "நீங்களே கூப்பிடுங்க" என்று விடாமல், கிளினிக்கில் இருக்கும்போதே அவர் போனிலிருந்து முதல் அழைப்பைப் போட வைத்தால் பிறகு அவரே கூப்பிடுவார். இ-சிகரெட் பற்றிக் கேட்பவருக்கு, 2019 முதல் இந்தியாவில் தடை என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

எம்ஓ_வடஆற்காடு

நிறைய தெளிவு கிடைத்தது. தியோபிலின் விஷயம் எங்கள் கவனத்தில் இல்லாதது, சி.ஓ.பி.டி. பட்டியலை முதலில் எடுக்கிறோம். எல்லாரையும் ஒரேயடியாகச் சேர்ப்பதா, சிலரோடு தொடங்குவதா? பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில் 6: மருந்தாளுநர்_திருச்சி

கேட்பதும் சீட்டில் எழுதுவதும் எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே. மருந்து ஸ்டென்ட்காரர்களோடும் சி.ஓ.பி.டி.காரர்களோடும் தொடங்கட்டும், இருப்பு தாங்கும். சாதாரண நீள நோட்டு போதும்: கார்டு எண், என்ன வகை, நாளுக்கு எத்தனை, முதல் பீடி எத்தனை நிமிஷத்தில், விடும் தேதி, கொடுத்த மருந்தும் எண்ணிக்கையும், மூன்று அழைப்புக்கு மூன்று கட்டம், பிறகு மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாத நிலை. மாத நிலைக் கட்டத்தில் "நன்று" என்று எழுதாதீர்கள். "கடந்த ஏழு நாளில் ஒரு இழுப்பாவது?" என்று கேட்டு ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள். வராதவரைப் "புகைக்கிறார்" என்றே கணக்கில் வையுங்கள். அந்த நோட்டு மருந்து கொடுக்கும் ஜன்னலில்தான் இருக்க வேண்டும், டாக்டர் அறையில் அல்ல. மாத்திரை வாங்க எல்லாரும் வந்து நிற்கும் இடம் அதுதான்.